பீட்டில்ஸ் பிரிந்தது எப்போது, எதனால்? – வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

சென்ற இதழில் ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது, இங்கிலாந்தின் பீட்டில்ஸ் இசைக்குழு 1970இல் கலைந்தது என்று ஒரே வரியில் முடித்திருந்தேன். அந்த ஒரு வரி போதாது என்று பலரும், அது சரியே இல்லை என்று சிலரும் எழுதியிருக்கிறார்கள். அவர்களுடைய குறை நியாயமானது. ஆகவே இந்த இதழில் வேறு எந்தக் கேள்வியையும் எடுத்துக்கொள்ளாமல், ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார் ஆகிய நால்வரும் ஒன்றாக இருந்த கடைசி ஆண்டுகளைப் பற்றி வந்த கேள்விகளுக்கு மட்டுமே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: பீட்டில்ஸ் பிரிந்த ஆண்டு 1969 என்று ஓரிடத்திலும், 1970 என்று இன்னோரிடத்திலும், 1975 என்று வேறோரிடத்திலும் படித்தேன். எது சரி? – வாசகர், திருச்சி

மூன்றுமே சரி. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் வெவ்வேறு உறவு முடிந்ததைக் குறிக்கிறது.

நால்வரும் ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒன்றாகக் கூடியிருந்த கடைசி நாள் 1969 ஆகஸ்ட் 20. இரண்டு நாள் கழித்து ஜானின் வீடான டிட்டன்ஹர்ஸ்ட் பார்க்கில் எடுத்த படங்கள்தாம் அவர்களுடைய கடைசிக் குழுப் படங்கள். செப்டம்பர் 20 அன்று, லண்டனில் அவர்களுடைய ஆப்பிள் நிறுவன அலுவலகத்தில் நடந்த கூட்டத்தில், பால் மீண்டும் மேடையேறலாம் என்று திட்டம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, தான் குழுவிலிருந்து விலகுவதாகவும் தனக்கு விவாகரத்து வேண்டும் என்றும் ஜான் சொல்லிவிட்டார். அன்றைக்கு அமெரிக்க இசைத்தட்டு நிறுவனமான கேப்பிட்டலுடன் ராயல்டியை உயர்த்தும் புதிய ஒப்பந்தம் கையெழுத்தாகிக்கொண்டிருந்ததால், செய்தி வெளியே போகக் கூடாது என்று முடிவு செய்தார்கள். ஜானும் வாயைத் திறக்கவில்லை. உலகம் ஏழு மாதம் கழித்து, 1970 ஏப்ரல் 10 அன்று, பால் விலகிவிட்டார் என்ற பத்திரிகைத் தலைப்பு வழியாகத்தான் இதை அறிந்தது. சட்டப்படி அவர்களுடைய கூட்டாண்மை கலைந்தது 1975 ஜனவரி 9 அன்று.

என்னைக் கேட்டால் செப்டம்பர் 20ஐத்தான் சொல்வேன். குழுவைத் தொடங்கியவர் ஜான். அதை முடித்தவரும் அவரே. ஆனால் முடித்ததை வெளியே சொன்னவர் பால் என்பதால் பழி பல ஆண்டுகள் பாலின் தலையில் கிடந்தது. முதலில் விலகியவன் தானாக இருக்க, அறிவித்த பெயரைப் பால் தட்டிக்கொண்டுபோனாரே என்ற கோபம் ஜானுக்கும் நெடுநாள் இருந்தது.

கேள்வி: 1966இல் மேடை நிகழ்ச்சிகளை நிறுத்தியதுதான் பிரிவின் தொடக்கம் என்று என் நண்பர் வாதிடுகிறார். உண்மையா? – வாசகர், கோயம்புத்தூர்

உங்கள் நண்பர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. 1966 ஆகஸ்ட் 29 அன்று சான் பிரான்சிஸ்கோவின் கேண்டில்ஸ்டிக் பார்க் விளையாட்டரங்கில் அவர்கள் கடைசியாகக் கட்டணக் கச்சேரி செய்தார்கள். ரசிகர்களின் கூச்சலில் தாங்கள் வாசிப்பது தங்களுக்கே கேட்காத நிலை பல மாதங்களாகவே நீடித்திருந்தது. அதற்கு முன் மணிலாவில் அதிபர் மாளிகை விருந்துக்குப் போகாததற்காக விமான நிலையத்தில் தள்ளுமுள்ளுக்கு ஆளாகியிருந்தார்கள். கிறிஸ்துவ மதம் குறித்து ஜான் சொன்ன ஒரு கருத்துக்காக அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அவர்களுடைய இசைத்தட்டுகளைக் கொளுத்தினார்கள். நிறுத்தியதில் வியப்பு ஏதும் இல்லை.

மேடையை விட்டதால்தான் ஒலிப்பதிவுக் கூடத்தில் மாதக்கணக்கில் உட்கார்ந்து, 1967இல் 'சார்ஜென்ட் பெப்பர்' போன்ற ஆல்பத்தை அவர்களால் உருவாக்க முடிந்தது. ஆகவே அதை இழப்பு என்று மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆயினும் ஒரே வேனில் பயணம் செய்து, ஒரே விடுதி அறையில் தங்கி, நாலு பேரும் ஒரே நேரத்தில் களைத்துப்போன வாழ்க்கை அத்துடன் முடிந்தது. அதன்பிறகு அவர்கள் வேலைக்கு வரும்போது சந்தித்துக்கொள்பவர்களாக ஆனார்கள்.

கேள்வி: பிரையன் எப்ஸ்டீன் இறக்காமல் இருந்திருந்தால் குழு நிலைத்திருக்குமா? – வாசகி, மதுரை

இந்தப் பக்கத்துக்கு வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது உங்களுடையதுதான்.

பிரையன் எப்ஸ்டீன் லிவர்பூலில் தன் குடும்பத்தின் இசைத்தட்டுக் கடையை நடத்திக்கொண்டிருந்தவர். 1961இன் இறுதியில் குழுவைக் கண்டெடுத்து, தோல் சட்டையைக் கழற்றி கோட்டு அணியவைத்து, ஒவ்வொரு இசைத்தட்டு நிறுவனத்தின் கதவையும் தட்டி அவர்களை உலகத்தின் முன் நிறுத்தினார். வணிக நுணுக்கத்தில் அவர் பெரிய கெட்டிக்காரர் என்று சொல்ல முடியாது. பீட்டில்ஸ் பெயரைப் பொறித்த பொருள்களின் விற்பனை உரிமையை அடிமாட்டு விலைக்கு விட்டுக்கொடுத்ததில் பெருந்தொகை கைநழுவியது. ஆனால் நால்வருக்கும் பொதுவான ஒருவராக அவர் இருந்தார். ஒருவருக்கு மற்றவர்மேல் வருத்தம் வந்தால் அது அவரிடம் போய்ச் சேர்ந்து, அங்கேயே கரைந்துவிடும். 1967 ஆகஸ்ட் 27 அன்று, தூக்க மாத்திரை அளவுக்கு மீறியதால், 32 வயதில் அவர் இறந்தார். அப்போது நால்வரும் வேல்ஸ் நாட்டின் பேங்கர் நகரில் மகரிஷி மகேஷ் யோகியின் தியான வகுப்பில் இருந்தார்கள். அந்தச் செய்தி கேட்டபோதே இனி நம் கதை முடிந்தது என்று தனக்குத் தோன்றியதாக ஜான் பின்னாளில் சொன்னார்.

எப்ஸ்டீன் போன பிறகு வேலையை முன்னெடுத்துச் செல்லும் பொறுப்பைப் பால் தன் தோளில் போட்டுக்கொண்டார். யாராவது ஒருவர் செய்தாக வேண்டியிருந்தது, அவர் செய்தார். ஆனால் நால்வரில் ஒருவர் மற்ற மூவருக்கும் மேற்பார்வையாளர் ஆவது எவ்வளவு கடினம் என்பதைக் கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அதே ஆண்டு டிசம்பர் 26 அன்று பிபிசி ஒளிபரப்பிய, வண்ணங்களை நம்பி எடுத்துக் கறுப்பு வெள்ளையில் காட்டப்பட்ட 'மேஜிக்கல் மிஸ்டரி டூர்' படத்தை விமர்சகர்கள் கிழித்தெறிந்தார்கள். அவர்கள் பொதுவெளியில் கண்ட முதல் பெரிய தோல்வி அது.

எப்ஸ்டீன் இருந்திருந்தாலும் குழு என்றென்றைக்கும் நிலைத்திருக்கும் என்று நான் நம்பவில்லை. இருபதைத் தொடும் வயதில் சேர்ந்த பையன்கள் முப்பதை நெருங்கும்போது தனித்தனி மனிதர்களாக ஆகிவிடுவது இயல்பு. ஆனால் நீதிமன்றம் வரை போயிருக்க மாட்டார்கள் என்பதில் எனக்கு ஐயம் இல்லை.

கேள்வி: ரிஷிகேஷில் அப்படி என்னதான் நடந்தது? – வாசகர், வேலூர்

1968 பிப்ரவரியில் நால்வரும் மகரிஷியின் ஆசிரமத்துக்குப் போனார்கள். உணவு ஒத்துக்கொள்ளாமல் ரிங்கோ பத்து நாள்களில் திரும்பினார். பால் மார்ச் இறுதியில் திரும்பினார். ஜானும் ஜார்ஜும் ஏப்ரலில் மகரிஷியோடு மனக்கசப்பு கொண்டு வெளியேறினார்கள். பிரிவைப் பொறுத்தவரை அங்கே நடந்த முக்கியமான காரியம், அவர்கள் ஏராளமான பாடல்களைத் தனித்தனியே உட்கார்ந்து எழுதியதுதான்.

கேள்வி: 'ஒயிட் ஆல்பம்' பதிவின்போது ரிங்கோ குழுவை விட்டே போய்விட்டாராமே? மூவரில் யாராவது சண்டை போட்டார்களா? – வாசகர், யாழ்ப்பாணம்

சண்டை இல்லை, அதைவிடத் துயரமான ஒன்று. 1968 மே இறுதியில் தொடங்கி அக்டோபர் வரை நீண்ட அந்தப் பதிவில், ரிஷிகேஷில் எழுதிய பாடல்களை ஒவ்வொருவரும் தத்தம் பாடலாகவே பாவித்தார்கள். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று கூடங்களில் ஆளுக்கொரு வேலை நடந்தது. சூழலின் இறுக்கம் தாளாமல், அவர்களுடைய நெடுநாள் ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமரிக் ஜூலையில் பாதியிலேயே எழுந்து போய்விட்டார்.

ஆகஸ்ட் 22 அன்று ரிங்கோவும் கிளம்பினார். இதை அவரே பின்னாளில் விவரித்திருக்கிறார். தான் சரியாக வாசிக்கவில்லை, மற்ற மூவரும் நெருக்கமாக இருக்க தான் மட்டும் வெளியாளாகிவிட்டோம் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. ஜான் வீட்டுக்குப் போய் இதைச் சொன்னார். நீங்கள் மூவரும்தான் நெருக்கம் என்றல்லவா நான் நினைத்துக்கொண்டிருந்தேன் என்று ஜான் பதில் சொன்னார். பால் வீட்டுக்குப் போனார். பாலும் அதையே சொன்னார். அதற்குமேல் ஜார்ஜ் வீட்டுக்குப் போகாமல் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு சார்டீனியா தீவுக்குப் போய்விட்டார்.

நால்வரும் தனித்தனியே தன்னைத்தான் மற்றவர்கள் ஒதுக்கிவிட்டார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்த அந்த நிலையை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது. அவர் இல்லாத அன்று 'பேக் இன் தி யூஎஸ்எஸ்ஆர்' பாடலுக்குப் பால் டிரம்ஸ் வாசித்தார். உலகிலேயே சிறந்த டிரம்ஸ் கலைஞர் நீதான், வீட்டுக்கு வா என்று தந்தி போயிற்று. இரண்டு வாரத்துக்குள் ரிங்கோ திரும்பியபோது அவருடைய டிரம்ஸ் முழுவதும் பூக்களால் அலங்கரிக்கப்பட்டிருந்தது. ஜார்ஜின் ஏற்பாடு அது.

கேள்வி: ஜார்ஜ் ஹாரிசனின் பாடல்களை மற்றவர்கள் வேண்டுமென்றே ஒதுக்கினார்களா? – கல்லூரி மாணவி, சென்னை

வேண்டுமென்றே என்று சொல்ல மாட்டேன். பழக்கத்தால் ஒதுக்கினார்கள். ஜானும் பாலும் தங்கள் பாடல்களை வைத்த பிறகு மிஞ்சும் இடத்தில் ஜார்ஜுக்கு ஒன்றோ இரண்டோ கிடைக்கும். தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினும் தான் அவருக்குப் போதிய கவனம் தரவில்லை என்று பின்னாளில் வருந்தியவர். முதலில் இது பொருத்தமாகவே இருந்தது. ஜார்ஜ் எல்லோரிலும் இளையவர், பாட்டெழுதத் தாமதமாகத் தொடங்கியவர். ஆனால் 1968 வாக்கில் அவருடைய பாடல்கள் மற்ற இருவரின் பாடல்களுக்கு நிகராக வளர்ந்துவிட்டன; குழுவுக்குள் அவருடைய இடம் மட்டும் வளரவில்லை.

அந்த ஆண்டின் இறுதியில் அவர் அமெரிக்காவின் உட்ஸ்டாக்கில் பாடகர் பாப் டிலனோடு சில நாள்கள் தங்கியிருந்தார். அங்கே அவரை ஒரு கலைஞராக மதித்தார்கள். அங்கிருந்து திரும்பிய பிறகு, 1969 ஜனவரி 2 அன்று, குளிரடிக்கும் ட்விக்கனம் படப்பிடிப்புத் தளத்துக்கு, ஒத்திகையைப் படம் பிடிக்கும் கேமராக்களுக்கு நடுவே வந்து உட்கார்ந்தார். 'ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்' என்ற தன் பாடலை அங்கே பலமுறை வாசித்துக் காட்டினார். யாரும் அதை முழுமனத்தோடு எடுத்துக்கொள்ளவில்லை. ஜனவரி 10 அன்று மதிய உணவு வேளையில், தான் விலகுவதாகச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். சில நாள் பேச்சுக்குப் பிறகு திரும்பிய அவர், வெளிநாட்டு மேடைக் கச்சேரித் திட்டத்தைக் கைவிட வேண்டும், ட்விக்கனமை விட்டுத் தங்கள் சொந்தக் கட்டடத்துக்கு வேலையை மாற்ற வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அவர் அழைத்து வந்த கீபோர்டு கலைஞர் பில்லி பிரஸ்டன் உள்ளே நுழைந்ததும், விருந்தாளி வந்த வீடுபோல எல்லோரும் ஒழுங்காக நடந்துகொள்ளத் தொடங்கினார்கள் என்பது ஜார்ஜே சொன்னது.

ஜார்ஜின் தரப்பில் எவ்வளவு நியாயம் இருந்தது என்பதை அறிய, 1970 நவம்பரில் அவர் தனியாக வெளியிட்ட ஆல்பத்தைப் பார்த்தால் போதும். மூன்று இசைத்தட்டுகள் கொண்ட அந்த ஆல்பத்தில், பல ஆண்டுகளாகச் சேர்ந்துகிடந்த பாடல்களே பெரும்பகுதியை நிரப்பின. அன்று ஒதுக்கப்பட்ட அந்தப் பாடலின் பெயரே ஆல்பத்துக்குப் பெயராயிற்று.

கேள்வி: யோகோ ஓனோதான் குழுவைப் பிரித்தார் என்று என் தலைமுறையில் எல்லோரும் சொல்வோம். உங்கள் கருத்து என்ன? – ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

ஐயா, தங்கள் தலைமுறை முழுவதும் அப்படித்தான் சொல்லிற்று. ஆனால் அது ஒரு பெண்ணுக்கு இழைக்கப்பட்ட அநீதி என்பதே என் கருத்து.

ஜான் 1968 மே முதல், தன் காதலியும் பின்னாளில் மனைவியுமான ஜப்பானியக் கலைஞர் யோகோவை ஒலிப்பதிவுக் கூடத்துக்கு நாள்தோறும் அழைத்து வந்தார் என்பது உண்மை. அதுவரை மனைவியரோ காதலியரோ வேலை நேரத்தில் அங்கே உட்காரும் வழக்கம் இல்லாததால் மற்ற மூவருக்கும் அது சங்கடமாக இருந்தது என்பதும் உண்மை. 1969 ஜூலையில் ஸ்காட்லாந்தில் கார் விபத்துக்குள்ளான பிறகு, கூடத்திலேயே கட்டில் போட்டு யோகோவைப் படுக்கவைத்தார்கள். இதெல்லாம் வேலைக்கு இடையூறு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் யோகோவை அழைத்து வந்தவர் ஜான். குழுவைவிட அவரோடு வேலை செய்யவே ஜான் விரும்பினார். அந்த விருப்பத்துக்கு யோகோ பொறுப்பாக முடியாது. ஜார்ஜின் பாடல்களை ஒதுக்கியதும், எப்ஸ்டீனின் இடம் வெறுமையாகக் கிடந்ததும், அடுத்து நான் சொல்லப்போகும் பணத் தகராறும் அவரால் வந்தவை அல்ல. 1969 ஜனவரியில், ஒலிபெருக்கிப் பெட்டிமேல் யோகோ உட்கார்ந்ததால் பீட்டில்ஸ் பிரிந்தார்கள் என்று ஐம்பது ஆண்டுகள் கழித்துப் பேசினால் எவ்வளவு வேடிக்கையாக இருக்கும் என்று பால் சொன்னது படச்சுருளில் பதிவாகியிருக்கிறது. 2021இல் பீட்டர் ஜாக்சன் அந்தப் பழைய சுருள்களிலிருந்து எட்டு மணி நேர ஆவணப்படத்தைத் தொகுத்தபோது உலகமே அதைக் கேட்டது. அந்தப் படத்தில் யோகோ பெரும்பாலும் செய்தித்தாள் படித்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருக்கிறார். குழுவைப் பிரித்தவர் யோகோ இல்லை என்று 2012இல் ஒரு தொலைக்காட்சி நேர்காணலிலும் பால் தெளிவாகச் சொன்னார். பாதிக்கப்பட்டவரே சொன்ன பிறகு நாம் ஏன் அந்தப் பழியைச் சுமந்து திரிய வேண்டும்?

கேள்வி: மொட்டைமாடிக் கச்சேரியைப் பற்றிச் சில வரிகள் எழுதுங்கள். – வாசகர், புதுச்சேரி

1969 ஜனவரி 30. லண்டன், சாவில் ரோ தெரு, மூன்றாம் எண், ஆப்பிள் அலுவலகத்தின் மொட்டைமாடி. கடுங்குளிரில் ஜான் யோகோவின் ரோமக் கோட்டையும், ரிங்கோ தன் மனைவியின் சிவப்பு மழைக்கோட்டையும் அணிந்திருந்தார்கள். 42 நிமிடம் வாசித்தார்கள். மதிய உணவுக்கு வெளியே வந்தவர்கள் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். புகார் வந்து காவலர்கள் மாடியேறினார்கள். குழுவின் சார்பில் நன்றி சொல்லி, தேர்வில் தேறியிருப்போம் என்று நம்புகிறேன் என்று ஜான் முடித்தார். நால்வரும் மக்கள் கேட்க ஒன்றாக வாசித்தது அதுவே கடைசி.

கேள்வி: ஆலன் க்ளைன் என்பவர் யார்? பணத் தகராறு என்று எல்லோரும் சொல்கிறார்களே தவிர, யாரும் விளக்குவதில்லை. – கணக்காளர் ஒருவர், ஈரோடு

கணக்காளரான தங்களுக்கு விரிவாகவே எழுதுகிறேன். என் பார்வையில் முறிவின் முதுகெலும்பு இதுதான்.

1967இல் நால்வரும் ஒரு கூட்டாண்மைப் பத்திரத்தில் கையெழுத்திட்டார்கள். பாட்டெழுதுவதால் வரும் வருமானம் நீங்கலாக, தனித்தனியே சம்பாதிப்பது உட்பட எல்லாமே பொதுக் கணக்குக்குப் போக வேண்டும் என்பது ஏற்பாடு. காலம் பத்து ஆண்டு. வரிச்சுமையைக் குறைக்கவே நிறுவனமாக மாறினார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் ஆப்பிள். கலைஞர்களுக்கு உதவும் நிறுவனம் என்று 1968 மே மாதம் நியூயார்க்கில் ஜானும் பாலும் அறிவித்தார்கள். நோக்கம் உயர்ந்தது, நிர்வாகம்தான் இல்லை. பேக்கர் தெருவில் திறந்த துணிக்கடையை எட்டு மாதத்துக்குள் மூடி, மிச்சச் சரக்கை வந்தவர்கள் எல்லாம் இலவசமாக அள்ளிக்கொண்டுபோக விட்டார்கள். இப்படியே போனால் ஆறு மாதத்தில் திவாலாகிவிடுவோம் என்று 1969 ஜனவரியில் ஜான் பத்திரிகைக்கு வெளிப்படையாகவே சொன்னார்.

அதைப் படித்துக்கொண்டு வந்தவர்தான் ஆலன் க்ளைன். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் விவகாரங்களைக் கையாண்ட நியூயார்க் கணக்காளர். சிறுவயதில் தாயை இழந்து அநாதை விடுதியில் வளர்ந்தவர். இசைத்தட்டு நிறுவனங்களின் கணக்கைத் துருவி, கலைஞருக்கு வர வேண்டிய பாக்கியை வசூலிப்பதில் பேர்பெற்றவர். அந்த மாதக் கடைசியில் ஒரே இரவுச் சந்திப்பில் ஜானின் நம்பிக்கையைப் பெற்றார். ஜார்ஜும் ரிங்கோவும் ஜானைப் பின்தொடர்ந்தார்கள். பாலோ, தான் மணக்கவிருந்த லிண்டாவின் தந்தையும் தமையனுமான ஈஸ்ட்மன் வழக்கறிஞர்களை நியமிக்க விரும்பினார். பாலின் மாமனாரிடம் எங்கள் பணத்தைக் கொடுப்பதா என்று மற்ற மூவரும் கேட்டது இயல்பான கேள்வி. க்ளைனின் நாணயத்தைப் பால் ஐயுற்றதும் சரியான ஐயம். இரு தரப்பிலும் காரணம் இருந்ததால்தான் அந்த முடிச்சை யாராலும் அவிழ்க்க முடியவில்லை. 1969 மே மாதம் மூவர் க்ளைனின் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அவருக்கு 20 சதவீதம் பங்கு என்பது மிக அதிகம், வழக்கறிஞர் பார்க்கட்டும், திங்கட்கிழமை வரை பொறுங்கள் என்று பால் கேட்டார். பொறுக்கவில்லை. அதுவரை எந்தப் பெரிய முடிவையும் நால்வரும் ஒருமித்துத்தான் எடுத்திருந்தார்கள். மூன்றுக்கு ஒன்று என்று வாக்கெடுத்து ஒருவரை மீறிச் சென்றது அதுவே முதல்முறை.

அதே காலத்தில் இன்னொரு அடியும் விழுந்தது. ஜான், பால் பாடல்களின் உரிமையை வைத்திருந்த நார்தர்ன் சாங்ஸ் நிறுவனத்தில் தன் பங்குகளைப் பதிப்பாளர் டிக் ஜேம்ஸ், இருவருக்கும் சொல்லாமலே, 1969 மார்ச்சில் ஏடிவி என்ற தொலைக்காட்சி நிறுவனத்துக்கு விற்றுவிட்டார். உரிமையை மீட்க இருவரும் போராடியபோதுதான், பால் ரகசியமாகக் கூடுதல் பங்குகள் வாங்கியிருந்தது ஜானுக்குத் தெரியவந்தது. தங்கள் பாடல்கள்மேல் தனக்கு நம்பிக்கை இருந்ததால் வாங்கினேன் என்று பால் சொன்ன சமாதானம் ஜானின் காதில் ஏறவில்லை. போராட்டம் தோற்று, இருவரும் எழுதிய பாடல்கள் இருவர் கையையும் விட்டுப் போயின.

க்ளைனைப் பற்றி ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். கேப்பிட்டல் நிறுவனத்திடம் அவர் பெற்றுத்தந்த ராயல்டி உயர்வு பெரியது; பாலே அதில் கையெழுத்திட்டார். ஆனால் 1973இல் மற்ற மூவரும் அவரோடு முறித்துக்கொண்டார்கள்; அவர்களும் க்ளைனும் ஒருவர்மேல் ஒருவர் வழக்குத் தொடுத்தார்கள். பாலின் ஐயம் சரியாக இருந்திருக்கலாம் என்று ஜானே அப்போது ஒப்புக்கொண்டார்.

கேள்வி: இவ்வளவு சச்சரவுக்கு நடுவே 'அபே ரோடு' போன்ற அழகான ஆல்பம் எப்படி வந்தது? – வாசகி, கோலாலம்பூர்

முன்பு செய்ததைப் போலவே ஒழுங்காக ஓர் ஆல்பம் செய்வோம் என்று ஜார்ஜ் மார்ட்டினைப் பால் அழைத்தார். நீங்களும் முன்பிருந்ததைப் போலவே இருப்பதானால் வருகிறேன், ஜானும் உட்பட என்று மார்ட்டின் நிபந்தனை விதித்தார். அவர்கள் வாக்கைக் காப்பாற்றினார்கள். 1969 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் நடந்த அந்தப் பதிவில், பகலில் அலுவலகத்தில் வழக்கறிஞர்களோடு மோதியவர்கள் கருவியைக் கையில் எடுத்ததும் பழைய நண்பர்களானார்கள். 'பிகாஸ்' பாடலுக்காக ஜானும் பாலும் ஜார்ஜும் ஒன்றாக நின்று முக்குரலில் மூன்றுமுறை பாடி, ஒன்பது குரல்களாக அடுக்கினார்கள். ஆகஸ்ட் 8 அன்று கூடத்துக்கு வெளியே, ஏணிமேல் நின்று இயன் மக்மில்லன் எடுத்த ஆறு படங்களில் ஒன்றுதான் உலகமறிந்த அந்தச் சாலைக் கடப்பு. ஜார்ஜின் 'சம்திங்' முதல்முறையாகத் தனித்தட்டின் (சிங்கிள்) முன்பக்கத்தில் வந்ததும் இந்த ஆல்பத்திலிருந்துதான்.

இது கடைசி என்று அவர்களுக்கு உறுதியாகத் தெரியாது. ஆனால் எல்லோருக்கும் ஓர் உணர்வு இருந்தது என்றே நினைக்கிறேன்.

கேள்வி: பால் விலகலை அறிவித்தது அவருடைய ஆல்பத்துக்கான விளம்பரம்தானே? – வாசகர், சேலம்

அப்படித்தான் அன்று பலரும் குற்றம் சாட்டினார்கள். நடந்ததை வரிசையாகப் பார்த்தால் தீர்ப்பு சற்று மாறும்.

1969 ஜனவரியில் பதிவு செய்து கிடப்பில் போட்ட ஒலிநாடாக்களை, 1970இல் தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டரிடம் கொடுத்தார்கள். 'தி லாங் அண்ட் வைண்டிங் ரோடு' என்ற தன் பாடலின்மேல், தன்னைக் கேட்காமலே பெரிய வாத்தியக் குழுவையும் பெண்கள் கோஷ்டிக் குரலையும் ஸ்பெக்டர் ஏற்றியிருந்தது பாலை ஆழமாகப் புண்படுத்தியது. இனி ஒருபோதும் இப்படிச் செய்யாதீர்கள் என்று க்ளைனுக்குக் கடிதம் எழுதினார். அதற்கு முன்பே, மார்ச் இறுதியில், அந்த நாடாக்களிலிருந்து உருவான 'லெட் இட் பி' ஆல்பத்துக்கு வழிவிட்டுப் பாலின் தனி ஆல்பத்தைத் தள்ளிவைக்கச் சொல்லும் கடிதத்தோடு, ஜானும் ஜார்ஜும் ரிங்கோவை அனுப்பியிருந்தார்கள். பால் கத்தி, ரிங்கோவை வீட்டைவிட்டு வெளியேறச் சொன்னார். திரும்பிவந்த ரிங்கோ, பாலுக்கு அது எவ்வளவு முக்கியம் என்பதை உணர்ந்து, அவர் குறித்த தேதியே இருக்கட்டும் என்று மற்ற இருவரையும் சம்மதிக்கவைத்தார். அந்த நால்வரில் ரிங்கோவின் மனம் எனக்கு எப்போதும் தனித்துத் தெரிகிறது.

பாலின் ஆல்பத்தோடு பத்திரிகைகளுக்குப் போன தாள், இந்தப் பக்கத்தைப் போலவே கேள்வி பதில் வடிவில் இருந்தது. லெனன், மெக்கார்ட்னி இணை மீண்டும் சேர்ந்து பாட்டெழுதும் காலம் வருமா என்ற கேள்விக்கு, இல்லை என்று ஒரு சொல்லில் பதில் இருந்தது. குழுவிலிருந்து விலகிவிட்டேன் என்று அதில் எங்கும் எழுதப்படவில்லை. ஆனால் படித்தவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. மே 8 அன்று 'லெட் இட் பி' வெளிவந்தது. அதன் திரைப்பட வெளியீட்டு விழாவுக்கு நால்வரில் ஒருவரும் போகவில்லை.

கேள்வி: நண்பர்கள் மீதே வழக்குத் தொடுக்க பாலுக்கு மனம் எப்படி வந்தது? – சட்டக் கல்லூரி மாணவர், மதுரை

க்ளைன் மீது மட்டும் வழக்குத் தொடுக்க வழி இல்லை; கூட்டாண்மைப் பத்திரத்தில் அவர் ஒரு தரப்பே அல்ல. பத்திரத்தைக் கலைக்க வேண்டுமானால் அதில் கையெழுத்திட்ட மூவரையும் எதிர்மனுதாரர்களாக்கியே தீர வேண்டும். பல மாதம் ஸ்காட்லாந்துப் பண்ணையில் மனம் உடைந்து கிடந்து, குடித்து, யோசித்து, கடைசியில் 1970 டிசம்பர் 31 அன்று லண்டன் உயர் நீதிமன்றத்தில் மனு தாக்கல் செய்தார். 1971 மார்ச் 12 அன்று நீதிபதி ஸ்டாம்ப், நிறுவனக் கணக்குகளைக் கவனிக்க ரிசீவர் ஒருவரை, அதாவது நீதிமன்றத்தின் சார்பில் நிர்வகிக்கும் பொறுப்பாளரை, நியமித்தார். மற்ற மூவரும் மேல்முறையீடு செய்யப்போய், பிறகு கைவிட்டார்கள்.

கடைசிக் கையெழுத்துக்கு மேலும் நான்கு ஆண்டு ஆயிற்று. 1974 டிசம்பர் 19 அன்று நியூயார்க்கின் பிளாசா விடுதியில் பாலும் ஜார்ஜும் பத்திரத்தில் கையெழுத்திட்டார்கள். ரிங்கோ முன்பே இங்கிலாந்தில் இட்டுவிட்டார். அதே ஊரில் கூப்பிடு தூரத்தில் இருந்த ஜான் மட்டும் வரவில்லை. ஒரு பலூனை அனுப்பிவைத்தார். பத்து நாள் கழித்து, மகனோடு விடுமுறைக்குப் போயிருந்த புளோரிடாவின் டிஸ்னி உலக விடுதியில், அவருடைய கையெழுத்தும் விழுந்தது.

கேள்வி: ஹாரிசனோடு நம் கர்நாடக இசைக் கலைஞர்கள் வாசித்திருக்கிறார்களா? – வாசகர், கும்பகோணம்

ஆம். 1974இன் இறுதியில் ஜார்ஜ் வட அமெரிக்காவில் நடத்திய சுற்றுப்பயணத்தில், ரவிசங்கர் தலைமையில் இந்திய இசைக்குழு ஒன்றும் சேர்ந்து சென்றது. அதில் மிருதங்கத்துக்கு டி.வி. கோபாலகிருஷ்ணனும் வயலினுக்கு எல். சுப்ரமணியமும் இருந்தார்கள். பிளாசா விடுதியில் ஜார்ஜ் கையெழுத்திட்டது இந்தப் பயணத்தின் கடைசி நாள்களில்தான்.

கேள்வி: பிரிவுக்குப் பிறகு அவர்கள் சேரவே இல்லையா? – வாசகி, கொழும்பு

நால்வராக ஒருபோதும் சேரவில்லை. ரிங்கோவின் 1973 ஆல்பத்துக்கு மற்ற மூவரும் தனித்தனியே பாடல் தந்தார்கள். 1974 மார்ச்சில் ஜானும் பாலும் லாஸ் ஏஞ்சலிஸில் ஓர் இரவு சேர்ந்து வாசித்தார்கள். 1980 டிசம்பர் 8 அன்று ஜான் நியூயார்க்கில் சுட்டுக்கொல்லப்பட்டார். அவர் வீட்டில் பதிவு செய்து வைத்திருந்த ஒலிநாடாக்களைக் கொண்டு மற்ற மூவரும் 1995, 1996 ஆண்டுகளில் இரண்டு பாடல்களை வெளியிட்டார்கள். இரைச்சலால் கைவிட்ட மூன்றாவது பாடலான 'நவ் அண்ட் தென்', ஜானின் குரலைப் பியானோவிலிருந்து பிரித்தெடுக்கும் புதிய கணினி நுட்பத்தால் 2023 நவம்பர் 2 அன்று வெளிவந்தது. அதற்குள் ஜார்ஜும் 2001இல் மறைந்திருந்தார். அவர் 1995இல் வாசித்து வைத்த கிட்டார் அதில் கேட்கிறது.

கேள்வி: கடைசி ஆண்டுகளின் இசையைக் கேட்கத் தொடங்குகிறேன். எதில் தொடங்கட்டும்? – பள்ளி மாணவர், நாகர்கோவில்

தம்பி, 'அபே ரோடு' ஆல்பத்தின் இரண்டாம் பக்கத்தில் தொடங்குங்கள். அதன் முடிவில் வரும் 'தி எண்ட்' பாடலில் ரிங்கோ தனியாக டிரம்ஸ் வாசிக்கிறார். பீட்டில்ஸ் ஆல்பங்களில் அவருடைய ஒரே தனி ஆவர்த்தனம் அதுதான், அதையும் மற்றவர்கள் வற்புறுத்திக் கேட்டு வாங்கினார்கள். அடுத்து பால், ஜார்ஜ், ஜான் என்ற வரிசையில் மூவரும் மாறி மாறிக் கிட்டார் வாசிக்கிறார்கள். ஒரே அறையில் நின்று, ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் பிடித்து வாசித்தது அது. யார் கை எது என்று மூன்று நான்கு முறை கேட்டால் உங்களுக்கே பிடிபடும்.

அது முடிந்ததும் இசைத்தட்டை நிறுத்திவிடாதீர்கள். சில விநாடி அமைதிக்குப் பிறகு பால் தனியாகப் பாடும் 'ஹெர் மெஜஸ்டி' என்ற சிறு பாட்டு வரும். அதை இந்தப் பக்கத்தின் பாடல் தொடருக்கு நடுவிலிருந்து வெட்டி எடுத்து, தூக்கிப் போடச் சொல்லியிருந்தார்கள். எதையும் எறியக் கூடாது என்ற விதியை மதித்த இளம் ஒலிப்பதிவாளர் ஒருவர் அதை நாடாவின் கடைசியில் ஒட்டிவைத்தார். வெட்டியபோது அதன் கடைசிச் சுரம் வேறு துண்டோடு போய்விட்டது. பால் அதைக் கேட்டு, அப்படியே இருக்கட்டும் என்றார்.